பத்தடிச் சக்கரமும் பஞ்சுச் சக்கரமும்

புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்குப் பனியைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்த மாதிரிதான். விளையாட்டாகச் சொல்லவில்லை. மாவைக் கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபட வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒரு கை குறைந்தால் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் நிற்காது, பொலபொலவென்று கொட்டிவிடும். ஒரு கை கூடினாலோ கட்டி தட்டிப் போகும். இந்தப் பக்குவ பேதம் பனிக்கும் உண்டு. மார்கழி மாதத்தில் புல் நுனியில் முத்துப் போல நிற்கிறதே, அந்தப் பனியைச் சொல்லவில்லை. குளிர் தேசங்களில் வானத்திலிருந்து வெள்ளை வெளேரென்று கொட்டி, இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்குமே, அந்தப் பனி. அதிலே சக்கரம் போட்ட வண்டியை ஓட்டுவது எப்படி, அதற்கு எந்த டயர் வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்பதுதான் இந்த வாரம் நமக்குப் பேச்சு.

"நமக்கெதற்கு ஐயா இந்தச் சமாசாரம்? ஐஸ் பெட்டிக்குள் இருப்பதைத் தவிர வேறு பனியை நாங்கள் பார்த்ததில்லையே!" என்று கேட்கிறீர்களா? நானும் உங்கள் கட்சிதான். ஆனால் கனடாவுக்குக் குடிபோன தம்பியோ மகளோ இல்லாத தெரு இப்போது எது? வாசலில் குவிந்த பனியை வாரி வாரி இடுப்பு ஒடிந்து போன கதை டெலிபோனில் நமக்குக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது! அது ஒரு பக்கம் இருக்கட்டும். டயரைப் பற்றிய இந்தக் கதைக்குள் ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது. இன்னொரு மனிதரின் மனோரதம் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

1934-ம் வருஷம். அமெரிக்காவைச் சேர்ந்த அட்மிரல் ரிச்சர்டு பேர்ட் தென் துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில் 'லிட்டில் அமெரிக்கா' என்ற முகாமை அமைத்திருந்தார். வானிலைக் குறிப்புகள் எடுப்பதற்காக, அங்கிருந்து சுமார் 120 மைல் உள்ளே, பனிக்குள் புதைத்த ஒரு சின்னஞ்சிறு அறையில் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கப் போனார். போன இடத்தில் கணப்பும் எஞ்சினும் கக்கிய விஷவாயு அவரை மெல்ல மெல்லக் கொல்ல ஆரம்பித்தது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்ஸைடு அது. தம்மைக் காப்பாற்ற வந்து பிறர் உயிரை விடக் கூடாது என்பதால் ரேடியோவில் அவர் இதைச் சொல்லாமல் மறைத்தார். ஆனால் அவர் அனுப்பிய தந்திக் குறிகள் தடுமாறுவதைக் கண்டு முகாமில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அப்போது அவருக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தவர் டாக்டர் தாமஸ் பௌல்டர் என்ற விஞ்ஞானி. இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, துருவத்துக் குளிர்கால இருட்டிலே, டிராக்டரில் கிளம்பினார். முதல் தடவை திரும்பி வர நேர்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் முறை, ஆகஸ்டு மாதத்தில், போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேர்ட் உயிரோடுதான் இருந்தார். ஆனால் பாதி ஆளாகியிருந்தார்.

இந்த அனுபவம் பௌல்டரின் மனத்தை விட்டு அகலவில்லை. பனிக் கண்டத்தில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், வீடும் வண்டியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அதன் பலனாகப் பிறந்ததுதான் 'ஸ்நோ குரூஸர்'. சிக்காகோவில் 1939-ல் கட்டி முடித்தார்கள். நீளம் ஐம்பத்தைந்து அடிக்கு மேல்; அகலம் இருபது அடி; எடை 37 டன். முதுகின்மேல் ஒரு சிறிய ஆகாய விமானத்தை ஏற்றிக்கொண்டு போகும். எஞ்சினைச் சுற்றி வரும் வெந்நீரே வண்டி முழுவதும் ஓடி அறைகளைக் கதகதப்பாக்கும். இரவில் மெல்லிய போர்வை போதும். படுக்க இடம், வேலை செய்ய இடம், எல்லாம் உண்டு. சமையலறையும் போட்டோ கழுவுகிற இருட்டறையும் மட்டும் ஒன்றே! அந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஆயுளில் ஒரு நாளாவது ரசம் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் கதைக்கு வேண்டியது அதன் சக்கரங்கள். நான்கே சக்கரம். ஒவ்வொன்றும் பத்தடி உயரம். இரண்டு ஆள் ஒருவர்மேல் ஒருவர் நின்றால்கூட அதன் உச்சிக்குச் சற்றுத்தான் மேலே தெரிவார்கள். அகலம் ஏறக்குறைய மூன்றடி. டயரின் முகத்தில் மேடும் பள்ளமுமாக இருக்குமே, நம் மெக்கானிக்குகள் 'பட்டன்' என்பார்கள், அது இந்த டயர்களில் கிடையாது. சதுப்பு நிலத்தில் ஓடும் ஒரு வண்டிக்கென்று ஏற்கெனவே செய்திருந்த வழுவழு டயர் அது. சேற்றில் நன்றாக ஓடியது. ஆகவே பனியிலும் ஓடும் என்று நம்பினார்கள். ஓடிப் பார்த்துவிட்டு நம்பியிருக்கலாம். அவகாசம் இல்லை. கப்பல் காத்துக்கொண்டிருந்தது.

1939 அக்டோபர் 24-ம் தேதி சிக்காகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு, ஆயிரம் மைலுக்கு மேல், ரஸ்தாவிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் திருவிழாக் கூட்டம். ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு பாலத்தில் வழி தவறி ஓடைக்குள் இறங்கி, மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எப்படியோ கப்பலேறி, 1940 ஜனவரியில் பனிக் கண்டத்தில் இறங்கியது. இறங்கும்போதே மரப் பாலம் முறிந்தது. பௌல்டர் முழு வேகத்தில் எஞ்சினை முடுக்கி வண்டியைக் கரையேற்றினார். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அப்புறம்தான் ஆபத்து ஆரம்பித்தது. சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. பத்தடிச் சக்கரங்கள் மூன்றடி ஆழத்துக்குப் பனியில் அமிழ்ந்து, நின்ற இடத்திலேயே குழி பறித்தன. கைவசம் இரண்டு உபரி டயர்கள் இருந்தன. அவற்றை முன் சக்கரங்களோடு சேர்த்துப் பூட்டி இரட்டையாக்கினார்கள். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி சுற்றினார்கள். கொஞ்சம் அசைந்தது. கடைசியில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள்: முன்னால் போக மறுத்த அந்த ராட்சதன் பின்புறமாக ஓட்டினால் ஓரளவு நகர்ந்தான்! அவன் செய்த நீண்ட பிரயாணம் 92 மைல், அத்தனையும் பின்னோக்கியே. பௌல்டர் மனம் உடைந்தவராய் அமெரிக்காவுக்குத் திரும்பினார். மற்றவர்கள் அந்த வண்டியைப் பனிக்குள் புதைத்து, குடியிருக்கும் வீடாக உபயோகித்துக்கொண்டார்கள். வீடாக அது மிகவும் சௌகரியமாகவே இருந்ததாம்.

எதனால் இப்படி ஆயிற்று? குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் நடந்து பாருங்கள், தெரியும். உடம்பின் பாரமெல்லாம் ஒரு காசளவு இடத்தில் இறங்குகிறது, கால் புதைகிறது. செருப்பைக் கழற்றினால் பாரம் பாதம் முழுதும் பரவுகிறது, நடக்க முடிகிறது. ஸ்நோ குரூஸரின் பாதம் பெரியதுதான். ஆனால் ஒவ்வொரு சக்கரத்தின் தலையிலும் எட்டு டன்னுக்கு மேல் பாரம் அல்லவா? பாதம் பெரிதானால் மட்டும் போதாது. பாரத்துக்குத் தகுந்தபடி பெரிதாக வேண்டும். அதோடு, அந்தக் கண்டத்துக் கடுங்குளிரில் பனி ஈரமே இல்லாத உதிரி மாவாகக் கிடக்கும். வழுவழுப்பான டயர் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

இனி 1967-க்கு வாருங்கள். ஜப்பானிய ஹோண்டா கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கு ஒரு கவலை வந்தது. குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிளை யாரும் வாங்குவதில்லை. கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "பனிக்காலத்திலும் விற்கும்படியாக ஏதாவது செய்து கொடுங்கள்" என்று ஜப்பானுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஒஸாமு தாகேஉச்சி என்ற எஞ்சினீயரிடம் பொறுப்பு வந்தது. அவர் இரண்டு சக்கரம், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று விதவிதமாக வண்டி கட்டிப் பனியிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் டயர் எதுவும் சரிப்படவில்லை. நிலத்திலும் நீரிலும் ஓடும் ஆறு சக்கர வண்டி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. ஆம்ஃபிகேட் என்று பெயர். அதன் டயர்கள் பலூன் மாதிரி உப்பலாக, காற்று மிகக் குறைவாக அடைக்கப்பட்டிருந்தன. தாகேஉச்சி அதைப் பார்த்துக்கொண்டார். அதைவிடச் சற்றுப் பெரியதாக, 22 அங்குல டயர்கள் செய்து மூன்று சக்கர வண்டிக்குப் பூட்டினார். சதுர அங்குலத்துக்குச் சுமார் இரண்டு பவுண்டு காற்றுத்தான்! நம் கார் டயருக்கு முப்பது பவுண்டு அடிக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1970-ல் 595 டாலர் விலைக்கு அந்த வண்டி கடைக்கு வந்தது.

பௌல்டரின் டயருக்கும் தாகேஉச்சியின் டயருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று மலை, மற்றொன்று தலையணை. தலையணை பனியின்மேல் அமர்ந்தது. அந்தக் குலத்தில் வந்தவைதான், எந்த நிலத்திலும் ஓடும் வண்டி என்ற அர்த்தத்தில் 'ஏ.டி.வி.' என்று அழைக்கப்படும் இன்றைய நான்கு சக்கர வண்டிகள். மூன்று சக்கரம் இப்போது ஏன் இல்லை என்றால், திருப்பத்தில் குடை சாய்ந்து ஏராளமான விபத்துக்கள் நேர்ந்தன. அடிபட்டவர்களில் பலர் குழந்தைகள். 1988-ல் அமெரிக்க அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்திவிட்டன. நான்கு சக்கரமானாலும் பதினாறு வயது ஆகாத பிள்ளைகளைப் பெரியவர்களுக்கான வண்டியில் ஏற்றக்கூடாது என்று அங்கே இன்றும் எச்சரிக்கிறார்கள். கனடாவில் பேரன் இருக்கும் பாட்டிமார் இதை அடுத்த டெலிபோனில் சொல்லி வையுங்கள்.

*

கனடாவிலும், அமெரிக்காவில் மினசோட்டா, அலாஸ்கா போன்ற இடங்களிலும் இந்த வண்டி வெறும் உல்லாசத்துக்கு அல்ல. வாசல் பனியைத் தள்ள, விறகு இழுக்க, மாட்டுக்குத் தீவனம் கொண்டு போக, உறைந்த ஏரியின் நடுவே மீன் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில், வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி அது புதைந்து நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகையினால்தான் வண்டியோடு வந்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போடலாமா என்ற யோசனை அங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது.

டயரின் பக்கத்தில் '25 X 8 - 12' என்று எழுதியிருக்கும். உயரம் 25 அங்குலம், அகலம் 8 அங்குலம், உள்ளே இருக்கும் ரிம் 12 அங்குலம் என்று பொருள். இருபத்தைந்தை இருபத்தேழாக்கினால் வண்டி இரண்டு அங்குலம் உயரும் என்று நினைத்துப் பலர் ஏமாந்து போகிறார்கள். அச்சு சக்கரத்தின் நடுவில் அல்லவா இருக்கிறது? உயர்வது ஒரே ஓர் அங்குலம்தான். அந்த ஓர் அங்குலத்துக்காகக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிடுகிறேன். எட்டுச் சதவிகிதம் பெரிய சக்கரத்தைச் சுற்ற எஞ்சின் அந்த அளவுக்கு அதிகமாகத் திணற வேண்டும். பெல்ட்டின் மூலம் சக்தி போகும் வண்டியானால் பெல்ட் சூடேறி நாற்றம் கிளம்பும். தாழ்ந்த கியரிலேயே ஓட்டப் பழக வேண்டும். வேகமானி 25 காட்டும்போது வண்டி 27-ல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் பிடித்தால் நிற்கச் சற்று அதிகத் தூரம் ஆகும். உயர்ந்த வண்டி சாய்வதும் சுலபம். ஆகவே ஓர் அளவு கூட்டினால் போதும் என்பதே என் அபிப்பிராயம். இருபத்தைந்துக்கு முப்பதைப் பூட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காகப் பூட்டுகிறார்கள்.

உயரத்தைக் காட்டிலும் அகலமும் மென்மையுமே ஆழமான பனிக்கு முக்கியம். கடையிலே கண்ணைப் பறிப்பவை, பட்டன் ஒவ்வொன்றும் கருங்கல் போலத் துருத்திக்கொண்டிருக்கும் சேற்று டயர்கள். சேற்றில் அவை பெரிய சூரர்கள். ஆழ்ந்த பனியில் அவை மண்வெட்டி ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தக் குழி தோண்டும். அதோடு கனமான ரப்பர் குளிரில் விறைத்துப் போகும். பனிமேல் மிதக்க வேண்டுமானால் டயர் இளகிய ரப்பராக, பக்கச் சுவர் மெல்லியதாக, பட்டன் ஆழம் குறைந்து நெருக்கமாக இருக்க வேண்டும். ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு சந்தர்ப்பம் உண்டு. நாலைந்து அங்குலப் பனியும் அதன் அடியில் கெட்டித் தரையும் இருக்கிற வாசல் பாதைக்கு அகல டயர் வேண்டியதே இல்லை. ஒடுங்கிய டயர் பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொட்டுவிடும். அதன்மேல் சங்கிலி சுற்றிவிட்டால் பனி தள்ளும் வேலை மளமளவென்று நடக்கும். எந்தப் பனிக்கு என்று தெரியாமல் டயர் வாங்குவது, யாருக்கு என்று தெரியாமல் ரவிக்கை தைப்பது போல.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. வண்டியும் ஆளுமாக 800 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் 5 பவுண்டு காற்று இருந்தால் நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 160 சதுர அங்குலம். காற்றைப் பாதியாக்கினால் அது 320 ஆகிவிடும். ஒரு காசு செலவில்லாமல் பாதம் இரு மடங்கு! பெரிய டயர் வாங்குவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய வைத்தியம் இது. ஐஸ்லாந்துத் தீவில் பனிமலைமேல் ஜீப் ஓட்டுகிறவர்களும் இந்த உபாயத்தையே கையாள்கிறார்கள். மேலே ஏறுமுன் இறங்கி நின்று டயரிலிருந்து புஸ்ஸென்று காற்றைத் திறந்துவிடுவார்கள். ஆனால் மிதமிஞ்சிப் போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வண்டிக்கு இவ்வளவு என்று கம்பெனி குறித்திருக்கும் எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கெட்டிப் பாதைக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கதகதப்பான கொட்டகைக்குள், இருபது டிகிரி வெப்பத்தில், 5 பவுண்டு அடித்துவிட்டு வெளியே வருகிறீர்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. குளிரில் காற்று சுருங்கும் அல்லவா? சற்று நேரத்தில் டயரில் இருப்பது இரண்டேகால் பவுண்டு! ஓட்டுகிறவர் 5 இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேகமாகத் திருப்புவார். டயர் ரிம்மை விட்டு விலகும். ஆகவே வண்டியை வெளியே நிறுத்தி, குளிர்ந்த பிறகே காற்றை அளக்க வேண்டும். கார் டயருக்கு வைக்கும் அளவுமானி இந்தச் சிறு அளவுகளைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனியாக விற்கும் மானி வேண்டும்.

பூட்டுகிற வேலையில் அவசரம் கூடாது. ஜாக்கி வைத்துத் தூக்கியதோடு நின்றுவிடாமல், கீழே உறுதியான முட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை. வண்டி முன்னே போகும் பக்கம் அது பார்க்க வேண்டும். ரிம்மில் ஏற்றும்போது டயரின் உள்விளிம்புக்குச் சோப்பு நீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். உட்கார மறுக்கிறதே என்று, டயரின் பக்கத்தில் குறித்திருக்கும் எல்லைக்கு மேல் காற்றை ஏற்றுவது உயிருக்கு ஆபத்து; வெடித்தால் கை போகும், கண் போகும். அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கோலத்தில் நட்சத்திரம் இழுப்பது போல முறுக்க வேண்டும். பிறகு கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். இரண்டு பேர் வண்டிமேல் கனமாக உட்கார்ந்துகொண்டும் திருப்பிப் பாருங்கள். கால் வைக்கும் தட்டிலோ மட்கார்டிலோ டயர் எங்கும் உரசக்கூடாது. சங்கிலி போடுவதாக இருந்தால் அதற்கும் இடம் மிஞ்ச வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயரை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைத் தின்றுவிடும். சில மைல் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஒரு சுற்று முறுக்கிவிட வேண்டும். புது டயர் பூட்டிய உற்சாகத்தில் எல்லோரும் மறந்து போவது இதைத்தான்.

எவ்வளவு நல்ல டயரானாலும் ஏரிமேல் போகுமுன் பனிக்கட்டியைத் துளையிட்டு அளந்துவிடுகிறார்கள். மனிதர் நடக்கக் குறைந்தது 4 அங்குலக் கனம் வேண்டும், சிறிய ஏ.டி.வி.க்கு 5 அங்குலமாவது வேண்டும் என்று மினசோட்டாவில் சொல்கிறார்கள். பெரிய டயர் பனிமேல் மிதக்கும். தண்ணீருக்குள் போய்விட்டால் என்ன செய்யும்?

ஸ்நோ குரூஸர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1946-ம் வருஷக் கடைசியில் போனவர்கள் அதைத் தேடிப் பார்த்தபோது, டயருக்குக் காற்றடித்துச் சற்றுப் பழுது பார்த்தால் போதும் என்கிற நிலையில் இருந்தது. 1958-ல் மறுபடி தேடினார்கள். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மூங்கில் கழிதான் அடையாளம். புல்டோஸரால் தோண்டி உள்ளே இறங்கினால், காகிதங்களும் பத்திரிகைகளும் சிகரெட்டுகளும் போட்டது போட்டபடி கிடந்தன. அதற்குப் பிறகு அந்தப் பனித்தட்டின் ஒரு பகுதி உடைந்து கடலில் மிதந்து போயிற்று. வண்டி பனிக்குள் இருக்கிறதா, கடலடியில் இருக்கிறதா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.